குமுத் கார்க்கானிஸ் மற்றும் குழுவினர்

டாக்சி பள்ளிக்கூட வாசலில் நின்றபோது மணி நாலேகால். மழை ஒரு வாரமாக மும்பையின் தாதர் பகுதியை ஊறப்போட்டிருந்தது. அந்த நேரத்துக்கே தெருவிளக்குகள் எரிந்தன. குமுத் கார்க்கானிஸ் குடையை விரிக்காமலே இறங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினாள். எழுபத்தாறு வயது. இரண்டு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள்.

மாடி மண்டபத்தில் வழக்கமான கூட்டம்தான். பழைய ஹிந்திப் படப் பாட்டு கேட்பதற்காக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிற மண்டலி அது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள், வங்கிக்காரர்கள், மருமகளிடமிருந்து நாலு மணி நேரம் விடுதலை வாங்கி வந்த மாமியார்கள். மூலையில் வாளி நிறைய ஈரக் குடைகள். மேசைமேல் ரெக்கார்டு பிளேயர். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: இன்று பெண்கள் ஜோடியாகப் பாடிய பாட்டுகள் மட்டும்.

"வாங்க குமுத்தாயி. நீங்க வராம ஆரம்பிக்கக் கூடாதுன்னு இவங்கள கட்டிப்போட்டு வச்சிருக்கேன்" என்றார் செயலாளர் தாம்லே. "பாட்டு அப்புறம், முதல்ல வடையப் போடுன்னு ஒரே கலாட்டா."

"வடை ஆறிடும் தாம்லே. பாட்டு அம்பது வருஷமா ஆறித்தான் கிடக்கு" என்றார் முன்வரிசையில் இருந்த ஜெயந்திலால். துணிக்கடைக்காரர். மண்டலியின் பாதி ரெக்கார்டுகள் அவருடையவை.

தாம்லே இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலையைச் செய்துவந்தார். ஹிந்திப் படங்களில் இரண்டு பெண்கள் சேர்ந்து பாடிய ஒவ்வொரு பாட்டையும் பட்டியல் போடுவது. முதல் குரல் யார், இரண்டாம் குரல் யார். ஆணும் பெண்ணும் பாடினால் அதில் வேலையே இல்லை, குழந்தை கூடச் சொல்லிவிடும். இரண்டு பெண்கள் பாடும்போதுதான் காதுக்குச் சோதனை. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுப்பாள். எங்கே கைமாறியது என்று தெரியாது. அதைப் பிடிக்கிற சுகத்துக்காகத்தான் இந்த மனிதர்கள் மழையில் ரயிலேறி வருகிறார்கள். பட்டியல் முடிந்துவிட்டது. நாளைக்கு அச்சகத்துக்குப் போகிறது.

அதனால்தான் குமுத் இன்றைக்கு வந்தாள்.

குமுத் மொத்தம் பதினோரு பாட்டுப் பாடியவள். பத்தை உலகம் மறந்துவிட்டது. மிஞ்சியது ஒன்று, 1959இல் பாடியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண்ணை அவள் தோழி சீண்டுகிற பாட்டு. தோழியாக குமுத். பதில் சொல்கிற மணப்பெண்ணாக நஃபீசா. ரெக்கார்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில் இப்படி அச்சடித்திருந்தார்கள்: குமுத் கார்க்கானிஸ் மற்றும் குழுவினர்.

குழுவினர் என்றால் நஃபீசா ஒருத்திதான்.

ஒரே மைக். இரண்டு பேரும் தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும். குமுத்துக்குக் குரல் உண்டு, தாளம் நிற்காது. இடையிசை முடிந்து எங்கே எடுப்பது என்று கடைசிவரை பிடிபடவில்லை. நஃபீசா தன் இரண்டு விரல்களை குமுத்தின் இடது மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள். எடுக்க வேண்டிய நொடி வந்ததும் ஒரு அழுத்து. அப்படித்தான் அந்தப் பாட்டு பதிவானது. அன்றைக்கு நஃபீசாவுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

போன வருஷம் இதே மண்டபத்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். "நம்ம பாட்டு போடறாங்க, வாடி" என்று குமுத்தே போன் பண்ணியிருந்தாள். நஃபீசா முழங்கால் வலியோடு ஜோகேஷ்வரியிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததும் தாம்லே மைக்கில் கேட்டார்: "குமுத்தாயி, லேபிள்ல பேர் இல்ல. ஆனா இந்த ரெண்டாவது குரல்... இது அவங்கதான?"

அவர் சொன்னது நாடே கும்பிடுகிற ஒரு பாடகியின் பெயரை.

மண்டபமே முன்னால் சாய்ந்தது. அறுபது முகங்கள். ஆமாம் என்று சொன்னால் குமுத் அந்தப் பாடகியோடு தோள் உரசிப் பாடியவள். இல்லை என்றால் யாரோ ஒரு நஃபீசாவோடு.

"ஆமா" என்றாள் குமுத்.

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

நஃபீசா எழுந்து வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று குமுத் நினைத்தாள். "புடவை மடிப்பு கலைஞ்சிருக்கு பாரு" என்று குனிந்து சரிசெய்தாள் நஃபீசா. பிறகு வடை சாப்பிடாமல் படியிறங்கிப் போனாள். அதன்பின் போனை எடுக்கவில்லை. இந்த ஏப்ரலில் செத்துப்போனாள். புதைத்துப் பத்து நாள் கழித்துத்தான் குமுத்துக்குச் சேதி வந்தது.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள். டாக்சியில் வரும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவைத்திருந்தாள். முதல் பாட்டு ஓடியது, இரண்டாவது ஓடியது. ஒவ்வொன்றுக்கும் பிறகு சச்சரவு, சிரிப்பு. "மூக்கால பாடறது பாரு, அது அவளேதான்." "உனக்குக் காதுக்கு மிஷின் வச்சதுலேர்ந்து எல்லாரும் மூக்காலதான் பாடறாங்க." குமுத்தும் சிரித்தாள். வாக்கியம் தொண்டையிலேயே கிடந்தது.

"இப்ப நம்ம தாயியோட பாட்டு" என்றார் தாம்லே.

ஜெயந்திலால் ரெக்கார்டை வைத்தார். கரகரப்பு. சாரங்கி. டோலக். பிறகு இருபது வயது குமுத், இழுத்துக் கட்டிய கம்பி போன்ற குரலில், மணப்பெண்ணைக் கேட்டாள்.

பதில் வரவில்லை.

டோலக் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வரி நீளத்துக்கு யாரும் பாடவில்லை. சாரங்கி ஒரு இடத்தில் வளைந்தது, யாரோ பாடுவதற்கு ஒத்துப்போகிற மாதிரி. மறுபடி குமுத்தின் குரல், அடுத்த சீண்டல்.

மறுபடி வெறும் டோலக்.

ஜெயந்திலால் முள்ளைத் தூக்கினார். "தேஞ்சுபோச்சு போல."

"தேஞ்சா ரெண்டு குரலும்தான்யா தேயணும். ஒருத்தியோடது மட்டும் எப்படித் தேயும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பெரிய பாடகி, ஞாயித்துக்கிழமை லீவு."

சிரித்தார்கள். தாம்லே தன் போனில் இருந்த பிரதியைப் போட்டு மைக்கில் வைத்தார். அதிலும் டோலக் மட்டும். "போன வாரம்கூடக் கேட்டேன். முழுசா இருந்துது" என்றார். அவர் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி தன் போனில் தேடிப் போட்டாள். சாரங்கி வளைந்தது. யாரும் பாடவில்லை.

இப்போது யாருமே சிரிக்கவில்லை.

மின்விசிறிகள் சுற்றின. சாக்பீஸ் தூளும் ஈரக் குடையுமாக இருந்த மண்டபத்தில் வேறொரு வாசனை வந்தது. வெட்டிவேர் அத்தர்.

குமுத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. நஃபீசா வேறெதுவும் பூசியதில்லை.

இடது மணிக்கட்டில் இரண்டு விரல்கள் வந்து உட்கார்ந்தன.

சில்லென்று இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வெதுவெதுப்பாக, கொஞ்சம் வியர்த்து, அன்றைக்கு மைக் முன்னால் இருந்த மாதிரியே இருந்தன.

அழுத்தவில்லை. காத்திருந்தன.

"அது அவங்க இல்ல" என்றாள் குமுத்.

"எது தாயி?"

"ரெண்டாவது குரல். நான் பொய் சொன்னேன். அது நஃபீசா. போன வருஷம் கடைசி வரிசையில உக்காந்திருந்தா."

தாம்லே கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் மைக்குல சொன்னீங்க. நாளைக்கு அச்சுக்குப் போகுது. யாரு நஃபீசா? அவங்க பாடினது வேற ஏதாவது இருக்கா, ஒப்பிட்டுப் பாக்க?"

"ஒண்ணும் இல்ல."

"வேற எங்கயாவது பேரு?"

"எங்கயும் இல்ல. குழுவினர்னு போட்டாங்களே, அதுதான் அவ."

"ஃப்ரெண்டு போயிட்டாங்கன்னு உங்களுக்கு வருத்தம். அது புரியுது" என்றார் தாம்லே, சிறு குழந்தையிடம் பேசுவது போல. "ஆனா வருத்தத்த வச்சு நான் பேரு மாத்த முடியாது. இந்தக் குரல எனக்குத் தெரியும் தாயி. வரியோட கடைசியில அரை மாத்திரை நிறுத்தி, கீழ விடுவாங்களே. அது பெரிய பாடகிக்கு மட்டும்தான் வரும்."

"அது நஃபீசாவோடது. அவளுக்கு மூச்சு போதாது. அத மறைக்க அப்படிப் பண்ணுவா."

யாரும் நம்பவில்லை. அறுபது முகங்களும் இரக்கத்தோடு பார்த்தன. போன வருஷம் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இந்த வருஷம் உண்மையைச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு அச்சாகிவிடும். பிறகு நஃபீசா என்று ஒருத்தி பாடினாள் என்பதற்கு உலகத்தில் சாட்சியே கிடையாது. ஜெயந்திலால் மட்டும் மெல்ல, "பாடித்தான் காட்டுங்களேன் தாயி, அவங்க எப்படிப் பாடினாங்கன்னு" என்றார்.

எழுபத்தாறு வயதுத் தொண்டை. கோயில் பஜனையில்கூட வாயசைப்பதோடு சரி. ஆனால் ஜெயந்திலால் முள்ளை வைத்துவிட்டார். சாரங்கி. டோலக். இருபது வயது குமுத் கேட்டாள்.

விரல்கள் அழுத்தின.

குமுத் வாயைத் திறந்தாள்.

வந்த குரல் அவளுடையது இல்லை.

ஈரத் துணிபோல் கனமான குரல், அடியில் லேசாக மணல் கலந்தது. மணப்பெண் பதில் சொன்னாள். சிரிக்காமல் சிரித்தாள். வரியின் கடைசியில் அரை மாத்திரை நிறுத்தி, கீழே விட்டாள். அந்த இடத்தில் மூச்சு போதாமல் தவிப்பதும் எல்லோருக்கும் கேட்டது. இவ்வளவு நாள் நயம் என்று கொண்டாடியது வெறும் மூச்சுத் திணறல்தான் என்று அறுபது பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. ரெக்கார்டில் இருந்த குமுத்தும், குமுத்தின் வாயிலிருந்த நஃபீசாவும், இரண்டு இளம் பெண்கள், ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்து மூன்று நிமிஷம் பாடினார்கள்.

பாட்டு முடிந்தது. முள் வெறும் கோட்டில் உரசிக்கொண்டிருந்தது.

கைதட்டல் இல்லை. ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தாம்லே அச்சுக்குப் போகும் தாளை எடுத்து, பெரிய பாடகியின் பெயரை ஒரே கோடாக அடித்தார். "எப்படி எழுதணும்? நஃபீசா, அப்புறம்?"

முழுப்பெயர் குமுத்துக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, தானே எழுதிக் கொடுத்தாள்.

மணிக்கட்டில் விரல்கள் இல்லை. வெட்டிவேர் வாசனையும் போய்விட்டது. நஃபீசா போய்விட்டாள் என்று நினைத்தாள். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. அழுதாள். சத்தமில்லாமல்தான் அழுதாள்.

டாக்சிக்காரரிடம் முகவரியைக்கூட எழுதித்தான் காட்டினாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, இருட்டில் நின்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு விளக்கைக்கூடப் போடாமல் படுத்துவிட்டாள்.

காலை எட்டு மணிக்கு போன் அடித்தது. நாக்பூரிலிருந்து மகன் மிலிந்த். திங்கட்கிழமை தவறாமல் கூப்பிடுகிறவன். அடிக்கட்டும் என்று விட்டாள். நின்று, மறுபடி அடித்தது. மூன்றாம் முறை எடுத்தாள்.

"ஆயி, எவ்வளவு நேரமா அடிக்கறேன், எங்க போன?"

"இங்கதாண்டா இருக்கேன்."

"யாரும்மா நீ? வேலைக்குப் புதுசா வந்த பொண்ணா?"

"மிலிந்த், நான்தாண்டா. ஆயி."

"விளையாடாத. ஆயிகிட்ட போனக் குடு. குளிக்கறாங்களா?"

அவன் பிறந்த நேரம், முழங்காலில் அவனுக்கிருக்கும் தழும்பு, அப்பா செத்த அன்று அவன் கேட்டது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் ஈரத் துணி கனத்தோடு, அடியில் மணலோடு, இருபத்திரண்டு வயதில் வந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அரை மாத்திரை நின்று, கீழே விழுந்தது.

மிலிந்தின் மூச்சு மாறியது. இப்போது அவன் பயந்திருந்தான். "எங்க ஆயிய என்ன பண்ண? ஏய், உன் பேரு என்ன? பேரச் சொல்லு முதல்ல."

அந்தக் குரலிடம் அதுவரை யாரும் பெயர் கேட்டதில்லை.

குமுத் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். போன் தரையில் விழுந்தது. பொத்திய விரல்களுக்கு நடுவிலிருந்து, நிதானமாக, தெளிவாக, பதில் வந்தது.

"நஃபீசா."