பெயர் போன்ற ஒன்று

எண் கலந்த முதற்பெயர் பதினொன்றரை மணிக்கு வந்தது. K1RUB4V4TH1 என்று திரையில் நின்றது. சோற்றுக்குள் சிறுகற்கள் பல்லில் படுவதுபோல, எழுத்துகளுக்கு நடுவே எண்கள் தபிதாவின் கண்ணில் இடறின.

சித்தூரில் மிஷன் காலத்தில் எழுந்த ஆலயம் அது. மாதத்தின் மூன்றாம் வெள்ளியன்று காலை முதல் நண்பகல் தாண்டும்வரை உபவாச ஜெபம் நடக்கும். தொலைவிலுள்ளோர் கைப்பேசியில் அனுப்பும் பெயர்கள், மேல்மாடத்துக்குப் பின்னாலுள்ள ஒலிப்பதிவு அறைக்கு வரும். அங்கே தபிதா ஒப்புதல் கொடுத்தால், கீழே பீடத்தருகே நிற்கும் மூப்பர் எர்னஸ்டின் டேப்லட்டுக்குப் போகும். அவர் வாசிப்பார். பெயருக்குரியவரோ, அவர் வர இயலாவிடில் உறவினர் ஒருவரோ எழுந்துபோய்ப் பீடத்துக் கிராதியருகே முழங்காலிடுவார். சபையார் கண்மூடி, "ஆண்டவரே, நினைத்தருளும்" என்பார்கள்.

மரித்தோருக்காக ஜெபிக்கும் வழக்கம் அச்சபைக்கு இல்லை. ஆயினும் அயலூரிலிருக்கும் பிள்ளைகள் பழக்கம் விடாமல் பழைய பெயர்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் கல்லறைத் தோட்டத்துக்குப் போன ஒவ்வொருவரின் பெயரையும் ஆங்கில எழுத்தில் தடைப்பட்டியலில் சேர்ப்பதும் தபிதாவின் பொறுப்பாயிற்று. அதிலுள்ள பெயர் வந்தால் கணினி சிவப்பாக்கித் தள்ளிவிடும்.

அன்று அவள் மனம் அறையில் இல்லை. திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் அவள் கணவன் ஜெபசிங்குக்கு இதய அறுவை. உடனிருக்க ஒருவருக்குத்தான் இடம் என்றதும், தங்கை ஷோபாவை வைத்துக்கொண்டு தபிதாவைச் சித்தூருக்கு அனுப்பியவன் அவனே. தன் பெயர் சபையில் வாசிக்கப்பட வேண்டும், அதுவும் நெஞ்சைத் திறக்கும் பன்னிரண்டு மணிக்கு வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு ஷோபா பேசினாள்.

"அண்ணி, இப்பதான் உள்ள இட்டுகினு போனாங்க. போறப்பகூட அண்ணன் டாக்டரைப் பாத்து, கத்தியைத் தீட்டிகினு வந்தீங்களா, இல்ல எங்க வூட்டு அருவாமனை மாதிரி மொண்ணையான்னு கேக்குது. நீங்க பேரை மட்டும் மறந்துடாதீங்க."

எண்கள் கலந்த பெயரை அவள் அப்படியே கீழே அனுப்ப, மேசைமீதிருந்த இன்டர்காமில் மூப்பரின் குரல் தாழ்ந்து வந்தது. "இன்னாம்மா தபிதா, இது பேரா, வண்டி நம்பரா? தமிழ்ல அடிச்சி அனுப்பு. சபை முன்னாடி என்னைத் திக்க வெக்காத."

பாடகர் குழுவிலிருக்கும் கல்லூரிப் பெண் கீர்த்தி இந்த எழுத்துமுறையைச் சென்ற மாதம் விளக்கியிருந்தாள். ஏ-க்கு நான்கு, ஈ-க்கு மூன்று, ஐ-க்கு ஒன்று, ஓ-வுக்குப் பூச்சியம், எஸ்-க்கு ஐந்து. இணைய விளையாட்டுகளில் தடுத்த சொற்களைக் கணினியின் கண்ணில் படாமல் கடத்தப் பிள்ளைகள் கண்ட வழியாம். யாரோ சிறுபிள்ளை அனுப்பிய பெயர் என்றெண்ணி, தபிதா 'கிருபாவதி' என்று தமிழில் அடித்து ஒப்புதல் தந்தாள்.

மூப்பர் வாசித்தார். சபை முழங்கிற்று. ஒலிபெருக்கியில் அந்த முழக்கம் அடங்கும்வரை காத்திருந்து கேமராத் திரையை நிமிர்ந்து பார்த்தபோது, கிராதியருகே வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தாள். இருக்கைகளிலிருந்து எவரும் எழுந்து வந்ததாகத் தபிதாவுக்கு நினைவில்லை. அடித்துக்கொண்டிருக்கையில் கவனிக்கத் தவறியிருப்போம் என்று தேற்றிக்கொண்டாள்.

அடுத்து 54M. சாம் என்று அடித்தாள். வெள்ளைச் சேலைக்கு அருகே, பள்ளிச் சட்டையணிந்த ஒரு சிறிய முதுகு. கட்டடத்துக்கு வெளியே பங்குனி வெயில் தகித்துக்கொண்டிருக்க, ஓசை புகாதபடி நான்கு சுவரிலும் கதவிலும் கரும்பஞ்சு ஒட்டிய அவ்வறைக்குள், குளிர்சாதனத்தின் மெல்லிய முனகலோடு சேர்ந்து, புதிதாய் வெட்டிய குழியின் ஈரமண் வாசம் எங்கிருந்தோ கசிந்து, அவள் தொண்டையின் அடியில் படிந்தது.

அடுத்து 5UL0CH4N4. விரல்கள் பழகிவிட்டன, சுலோசனா என்று அடித்து அனுப்பிய பிறகே நெஞ்சு திடுக்கிட்டது. அச்சபையில் சுலோசனா ஒருத்திதான். தபிதாவோடு ஒரே பள்ளியில் பதினெட்டாண்டுகள் பாடம் நடத்தியவள். சென்ற ஆண்டு அவள் பெட்டியின்மேல் தபிதா தன் கையாலேயே மண் போட்டாள்.

திரையில் மூன்றாவது முதுகு. இடத்தோள் சற்றே இறங்கியிருந்தது. சுலோசனாவுக்கு அப்படித்தான் இருக்கும்.

தடைப்பட்டியலைத் திறந்தாள். கிருபாவதி இருந்தாள். ஏரியில் மூழ்கிய சாம் இருந்தான். சுலோசனா இருந்தாள். மூவரையும் தன் கையாலேயே தமிழாக்கி, வாசிக்க வைத்திருக்கிறாள்.

எழுந்து கதவுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பிற்று. கதவு அசையவில்லை. மறுபுறம் யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதுபோல, தள்ளத்தள்ள அது மெத்தென்று எதிர்த்தது. கத்தினாள். பஞ்சு அவள் குரலை விழுங்கிற்று. இன்டர்காமை அழுத்தினாள். திரையில் மூப்பர் கண்மூடி நின்றார். மூன்று தலைகளுக்கு நேரே கையை நீட்டி ஆசி கூறிக்கொண்டிருந்தார்.

மணி பன்னிரண்டு.

தன் கைப்பேசியிலிருந்து ஜெபசிங்கின் பெயரை முறையான எழுத்தில் அனுப்பினாள். அது சிவந்து விழுந்தது. மீண்டும் அனுப்பினாள். மீண்டும் சிவந்தது.

பட்டியலின் கடைசி வரியில் அவன் பெயர் இருந்தது. அவள் சேர்க்கவில்லை. அழித்தாள். நின்றது. அழித்தாள். நின்றது.

ஷோபாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. எவரும் எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு பேரு இருந்தா வாசிச்சிட்டு முடிச்சிக்கலாம்" என்றார் மூப்பர்.

அப்போது அது வந்தது. J3B451NGH.

தபிதா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒப்புதல் தரலாகாது என்று அறிவு சொல்லிற்று. இதற்குமுன் இப்படி வந்தவர் எவரும் உயிரோடில்லை. ஆனால் அங்கே நெஞ்சு திறந்து கிடக்கிறது. வாசிக்கப்படாமல் அவன் போய்விட்டால்? அவன் கேட்டது அது ஒன்றுதானே. அதையும் செய்யாதவள் என்று எஞ்சிய நாளெல்லாம் எப்படி வாழ்வது?

அடித்தாள். ஜெபசிங்.

"ஆண்டவரே, நினைத்தருளும்."

நான்காவது முதுகு. மருத்துவமனையின் பச்சை அங்கி. பின்புறம் நாடா அவிழ்ந்திருந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. ஷோபாவின் வீடியோ அழைப்பு.

"அண்ணி, கர்த்தர் நம்மளைக் கைவிடல. நடுவுல இதயம் நின்னே போச்சாம். அப்புறம் தானா ஓட ஆரம்பிச்சிதாம். டாக்டரே மிரண்டுட்டாரு. மயக்கம் தெளிய ராத்திரி ஆவும்னாங்க, இதோ இப்பவே கண்ணைத் தொறந்துடுச்சி, உங்களைத்தான் கேக்குது. பாருங்க."

கைப்பேசி கட்டிலை நோக்கித் திரும்பியது. தொலைவில் அது ஜெபசிங்தான். அதே நெற்றி. அதே மீசை. ஷோபா அருகே கொண்டுபோனாள். கண் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணைப் போன்ற ஒன்று இருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில், வாயைப் போன்ற ஒன்று. அது விரிந்தது.

"தபிதா. சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுறேன்."

"எப்டி சிரிக்குது பாருங்க அண்ணி" என்று ஷோபா ஆனந்தத்தில் அழுதாள்.

தபிதா மெல்லத் தலையைத் திருப்பினாள். கேமராத் திரையில் சபையார் இன்னும் கண்மூடியிருந்தார்கள். பச்சை அங்கியணிந்தவன் எழுந்து, இருக்கைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத்தொட்டுப் பார்த்தான். எவரும் திரும்பவில்லை. அவன் மேல்மாடத்தை அண்ணாந்து பார்த்தான். அது அவள் கணவனின் முகம். இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் விழித்தெழுந்து பார்த்த முகம், ஒரு மயிரும் மாறாமல். திறந்த மார்போடு கேமராவுக்கு நேராக நின்று, அவன் அவள் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டேயிருந்தான்; ஒலிபெருக்கியில் சபையின் ஆமென் மட்டுமே கேட்டது.