வாளி வண்டியும் தேர்க்கட்டையும்

விடாத மழை... நாளைக்குத் தேர். வீதியின் குறுக்கே ஓடும் மின்கம்பிகளைச் சாயங்காலத்துக்குள் அவிழ்த்தாக வேண்டும். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று. மெட்ராசிலிருந்து வாளி வண்டியும் வந்துவிட்டது. லாரி மேல் நீளமான இரும்புக் கை, அதன் நுனியில் ஆள் நிற்க ஒரு வாளி.

வாளி கிளம்பும் நேரம் பார்த்து, அதன் பக்கத்திலேயே வந்து நின்றாள் நகராட்சி ஓவர்சியர் சந்திரகலா. கறுப்புக் குடைக்குள் இரண்டு பெரிய கண்கள்... கோபமாய்!

"இன்னாமா, தள்ளிப் போ!" என்றான் வாளிக்குள் நின்ற லைன்மேன் அருணகிரி.

"வண்டி ஊணியிருக்கற இரும்புக் கால் சாக்கடைக் கல்லு மேல நிக்குதுங்க. வெடிச்ச கல்லு. மாத்தி வைங்க."

"மாத்தினா கம்பி எட்டாது. நாலு கால்ல ஒண்ணுதானே?"

"சரி, இடுப்பு பெல்ட்டு கொக்கி ஏன் சும்மா தொங்குது?"

அவன் சிரித்தான். "எட்டு வருஷமா கம்பம் ஏறறவன் நானு. வாளிக்குள்ள நின்னுக்கினு கொக்கி மாட்டினா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மாட்டாம நான் நகர மாட்டேன்."

"மாட்டித் தொலைடா மச்சான்!" என்றான் கீழே வாளியை ஏற்றி இறக்கும் லீவரைப் பிடித்திருந்த மூர்த்தி.

அருணகிரி முறைத்தான். அவள் இமைக்கவில்லை. ஒரு மழைத்துளி அவள் புருவத்தில் தயங்கி... விழுந்தது. ஏனோ அவன் கை தானாகப் போய் வாளி வளையத்தில் கொக்கியை மாட்டியது. இரும்புக் காலை மட்டும் மாற்றவில்லை. ஒரே நாளில் எத்தனை முறை தோற்பது?

முப்பதடி உயரம். முதல் கம்பியை அவிழ்த்தான்...

படார்!

கல் பிளந்து இரும்புக் கால் உள்ளே இறங்கியது. லாரி சாய்ந்தது. வாளி உதறியதில் அருணகிரி வெளியே... பெல்ட்டில் தொங்கினான்!

"லீவரைத் தொடாதீங்க!" என்று கத்திவிட்டுச் சந்திரகலா தேரடிக்கு ஓடினாள். தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள்.

"அண்ணா! கட்டைங்கள எடுத்துக்கினு ஓடியாங்க! ஆளு தொங்குது!"

வந்தார்கள். "யாரும் வண்டி அடியில பூந்துடாதீங்க... வெளிய நின்னே கட்டையைத் தள்ளுங்க!" சாய்ந்த பக்கம் கட்டை மேல் கட்டையாக இறுகியது. லாரி சாய்வது நின்றது.

"இப்ப எறக்குங்க... மெதுவா... மெதுவா..."

அருணகிரியின் கால் தரை தட்டியது. கொக்கியைக் கழற்றியது அவள்தான்.

"திட்டுங்க" என்றான்.

"திட்டத்தான் வந்தேன்... வாய் வரல."

"தப்பு எம்மேலதாங்க. காலை மாத்தியிருக்கணும்." மூச்சு வாங்கினான். "மேல தொங்கறப்போ சாவு பயம் கம்மிதாங்க. உங்க பேரைக் கேக்காமலே போயிடுவேனோன்னுதான்... ஜாஸ்தி பயம்."

அவள் கண்கள் நிறைந்தன. மழை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சந்திரகலா" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே, "கீழ்பென்னாத்தூர்ல வீடு... தேர் முடிஞ்ச மறுநாள் அப்பா வீட்லதான் இருப்பாரு."