மூன்றாம் அட்டவணை

"உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லை. ஊர்லேர்ந்து எங்க அக்கா போன்ல தொந்தரவு பண்ணினதால வந்தேன்" என்றாள் மாணவி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

துப்பறிவாளர் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய மச்சினனுக்குத்தான் சுருக்கென்றது. தன் அக்கா செத்த பிறகும் அத்தானை விட்டுப் போகாமல், அவருடைய அலுவலகத்தில் வருவோர் போவோரை விசாரித்துக்கொண்டிருப்பவன் அவன். அத்தானை யார் எடுத்தெறிந்து பேசினாலும் தாங்க மாட்டான்.

"நம்பிக்கை இல்லாமத்தான் மூணு மாடி ஏறி வந்தியா?" என்று கேட்டான்.

"சாயங்காலம் வங்கியில விசாரணை. துணைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாமாம். இந்த ஊர்ல எனக்கு ஆள் இல்லை."

நாடுகளுக்கே கடன் கொடுக்கும் சர்வதேச வங்கி அது. பொருளாதாரத்தில் மேற்படிப்பு படிப்பவர்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஆய்வுப் பயிற்சியில் வைத்துக்கொள்ளும். இவளும் அப்படிப் போனவள். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள், ஊரில் விலைவாசி ஏறும்போது வீட்டுக்கு எவ்வளவு கூடுதலாகப் பணம் அனுப்புகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. அதை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மறுநாளே, அவளுடைய மேற்பார்வையாளர் புகார் கொடுத்துவிட்டார். ஆய்வு தன்னுடையதாம். இவள் திருடிவிட்டாளாம்.

"தோத்தா பயிற்சி போகும். பல்கலைக்கழகத்துக்குச் சொல்லுவாங்க, பட்டமும் போகும். அதுக்கப்புறம் ஆய்வுன்னு ஒரு பய என்னைச் சேர்த்துக்க மாட்டான்."

பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கடித்தாள். "மத்தியானம் சாப்பிடலை. ஆபீஸ் மெஷின்ல காசு போட்டா இது ஒண்ணுதான் விழும். ஆறு மாசமா இதான் என் சமையல்" என்று பொட்டலத்தை மேசைமேல் போட்டாள்.

துப்பறிவாளர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். மச்சினனுக்கு மானம் போயிற்று. ஒரு பெண் வாழ்க்கையே போகிறது என்கிறாள், இவர் பிஸ்கட் உறையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"மேற்பார்வையாளரோட பிரதியைப் பார்த்தீங்களா?"

"காட்ட மாட்டேங்கறாங்க. என் அடையாளக் கார்டையும் கம்ப்யூட்டரையும் பிடுங்கிட்டாங்க. எல்லாம் வரிக்கு வரி ஒண்ணாம். மூணாம் அட்டவணையை மட்டும் நான் மாத்திட்டேனாம், திருட்டை மறைக்க."

"எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடி அவர்கிட்ட குடுத்தீங்களா?"

"கேட்டார், குடுத்தேன். அப்ப மூணாம் அட்டவணைக்குக் கணக்கே வரலை. கம்ப்யூட்டர்ல ரெண்டு நாள் ஓடணும். அதுவரைக்கும் கட்டம் ஒழுங்கா உக்காருதான்னு பார்க்க, கண்ணுல பட்ட நம்பரைப் போட்டு நிரப்புவோம். எல்லாரும் செய்யறதுதான்."

"என்ன நம்பர்?"

"அதையெல்லாம் யார் ஞாபகம் வெச்சுப்பா?" எரிந்து விழுந்தாள்.

"இதுல ரெண்டு மிச்சம் இருக்கு. நான் வெச்சுக்கலாமா?"

"அத்தான்" என்றான் மச்சினன், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விசாரணை நடந்த அறைக்கு நான்கு பக்கமும் கண்ணாடி. வெளியே போகிறவர்கள் எல்லாரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். பணியாளர் பிரிவுத் தலைவி வாவென்றும் சொல்லவில்லை, உட்காரென்றும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் மாணவியின் பக்கமே திரும்பாமல் பேசினார்.

"தங்க இடம், கைக்குக் காசு, எல்லாம் குடுத்தோம். நம்ம வீட்டுலயே கன்னம் வெச்சுத் திருடிட்டா. இதுல துணைக்கு ரெண்டு ஆள் வேற. யார் இவங்க, தாய்மாமனா?"

"அப்படியே வெச்சுக்குங்க" என்றான் மச்சினன். "தாய்மாமன்னா கேள்வி கேட்பான்ல?"

தலைவி இரண்டு பிரதிகளையும் துப்பறிவாளரிடம் தள்ளினாள். "அவ கையில குடுக்காதீங்க." அவர் நேராக மூன்றாம் அட்டவணைக்குப் போனார். நான்கு வகைக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் வரும் பணம் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு சதவீதம். மாணவியின் பிரதியில் நான்கு எண்களும் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அடங்கியிருந்தன. மேற்பார்வையாளருடைய பிரதியில் தாறுமாறாக ஏறி இறங்கின.

"எனக்குப் பொருளாதாரம் தெரியாது. இந்தக் கணக்கு நீங்களே போட்டதா?"

"நானே போட்டது. மூணு தடவை சரிபார்த்தது."

"கடைக்காரர் குடும்பத்துக்கு மட்டும் இவ்வளவு ஏறுதே, ஏன்?"

மேற்பார்வையாளர் முகத்தில் முதன்முறையாக ஒரு மலர்ச்சி. வகுப்பெடுக்கக் கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

"நல்ல கேள்வி. விலை ஏறினா கடையில சரக்கு நிரப்ப அதிக முதல் வேணும். வெளிநாட்டுல இருக்கற தம்பியோ மகனோ அதைத்தான் அனுப்பறான். அதனாலதான் அறுபத்தெட்டு புள்ளி நாலு."

மேசையின் கடைசியில் மாணவி தலையை நிமிர்த்தினாள்.

"விவசாயக் குடும்பத்துக்கு?"

"ஆறு புள்ளி ஒன்பது. அவங்களுக்குச் சாப்பாடு வயல்லயே விளையுது, விலை ஏறினா என்ன? கூலி வேலை செய்யறவங்க அரிசியைக் காசு குடுத்து வாங்கணும், அதனால இருபத்தொண்ணு புள்ளி மூணு. சம்பளக்காரங்க இருபத்திநாலு புள்ளி ஆறு. எல்லாம் எதிர்பார்த்த மாதிரியே வந்திருக்கு. இவ நம்பரைப் பாருங்க, எல்லாம் ஒரே சப்பை. அர்த்தமே இல்லை."

மச்சினன் எட்டி அட்டவணையைப் பார்த்தான். அந்த ஆள் சொல்வது நியாயமாகவே இருந்தது.

துப்பறிவாளர் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, பின்பக்கம் தெரியும்படி தலைவியின் முன் வைத்தார்.

"உங்க மாடி மெஷின்ல விழறது. அட்டவணையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, சத்து விவரத்தைக் கொஞ்சம் படிங்கம்மா. மேலேர்ந்து வரிசையா."

"என்ன விளையாட்டு இது?"

"படிங்க."

தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நூறு கிராமில். புரதம், ஆறு புள்ளி ஒன்பது. கொழுப்பு, இருபத்தொண்ணு புள்ளி மூணு." குரல் தேய்ந்தது. "மாவுச்சத்து, அறுபத்தெட்டு புள்ளி நாலு. சர்க்கரை..."

உறையிலும், அட்டவணையின் கடைசிக் கட்டத்திலும், இருபத்திநாலு புள்ளி ஆறு.

"இந்தப் பொண்ணு கணக்கு வர்றதுக்கு முன்னாடி, கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு, தின்னுட்டிருந்த பிஸ்கட்டைப் பார்த்து நம்பர் போட்டிருக்கு" என்றார் துப்பறிவாளர். "அந்த அரைகுறைப் பிரதியைத்தான் இவர் தன் பேருக்கு மாத்திக்கிட்டார். உண்மையான கணக்கு பின்னாடி வந்தது, அது அவ பிரதியில மட்டும்தான் இருக்கு. அவ எதையும் மாத்தலை. இவர் எதையும் போடலை."

"தற்செயலா இருக்கலாம்" என்றார் மேற்பார்வையாளர். பொட்டலத்தைத் தள்ளி வைத்தார்.

"ஒரு நம்பர்னா தற்செயல். நாலும் அதே வரிசையிலயா? போகட்டும், சம்பளக்காரங்க வீட்டுல எவ்வளவு சர்க்கரைன்னு மூணு தடவை சரிபார்த்தீங்களே, அது எப்படின்னு சொல்லுங்க."

மச்சினன் சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

தலைவி இரண்டு பிரதிகளையும் தன் பக்கம் இழுத்து அடுக்கினாள். "பல்கலைக்கழகத்துக்கு எதுவும் போகாது. நீ பயிற்சியைத் தொடரலாம். ஆனா இது இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது."

"கண்ணாடி அறையில உக்காத்தி வெச்சு, ஊர் பார்க்கத் திருடின்னீங்க" என்றாள் மாணவி. "இது மட்டும் வெளியே போகக் கூடாதா?" கையை நீட்டினாள். "என் கார்டு."

தலைவி இழுப்பறையைத் திறந்து கொடுத்தாள்.

மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது மச்சினனால் பொறுக்க முடியவில்லை. "இந்த நம்பர் பிஸ்கட்டுலேர்ந்து வந்ததுன்னு முன்னாடியே தெரியுமா அத்தான்?"

"இங்க வந்து அட்டவணையைப் பார்த்தப்பதான். ஆனா அவர் 'கணக்கு வரலை, நானே சும்மா போட்ட நம்பர்'னு சொல்லியிருந்தா, என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. எந்த நம்பரைக் காட்டினாலும் காரணம் சொல்லிப் பழகினவர். சொல்லிட்டார்."

அவர் மாணவியிடம் பொட்டலத்தை நீட்டினார். இரண்டு பிஸ்கட்டும் அப்படியே இருந்தன.

அவள் வாங்கிக்கொண்டாள். ஒன்றை மச்சினனிடம் கொடுத்தாள், ஒன்றைத் தான் தின்றாள். உறையை மடித்துக் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கீழே போகும் மின்தூக்கியில் ஏறாமல், தன் மேசை இருந்த பக்கம் திரும்பி நடந்தாள்.