மேனேஜரின் வெள்ளைக் காது

தாம்பரம் மீன் சந்தையில் தையல்நாயகியின் கடைக்கு ஒரு பூனை உண்டு. உடம்பெல்லாம் வெள்ளை, இடது காது மட்டும் கறுப்பு. யார் மீன் வாங்கினாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தராசையே பார்க்கும். அதனால் அதன் பெயர் மேனேஜர்.

மேனேஜரின் வெள்ளைக் காது நுனியில் ஒரு புண். பொருக்குத் தட்டும், உதிரும், ரத்தம் கசியும். மஞ்சள் பூசியும் ஆறவில்லை.

"சொறிப் பூனை கீற கடையில மீன் வாங்கறதா?" என்று ஒரு அம்மாள் நகர்ந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நகர்ந்தார்கள்.

கடை கட்டும்போது தையல்நாயகி தன் மகள் நிஷாவிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமை உங்கப்பா மீன் எடுக்கக் கோவளம் போறப்ப இத்தக் கொண்டுபோய் வுட்டுட்டு வரட்டும். நமக்குத் தொத்திக்கினா இன்னா பண்றது?"

"சண்டையில பட்ட காயம்மா. ஆறிடும்."

"மாசக்கணக்கா ஆறாத காயமா?"

நிஷா குனிந்து மேனேஜரின் இரண்டு காதுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் பள்ளி விடுமுறை. அவள் மேனேஜரையே கவனித்தாள். அது எந்தச் சண்டைக்கும் போகவில்லை. கடையின் பின்சுவர்மேல் ஏறி, வெயில் சாயும்வரை படுத்துக் கிடந்தது. இரண்டு காதுகளும் ஒரே வெயிலில்தான் காய்ந்தன. ஆனால் கறுப்புக் காதில் ஒரு கீறல்கூட இல்லை.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டலாம்ப்பா" என்று அப்பா துளசிங்கத்திடம் கேட்டாள். அவர் சரி என்றார். மீன் கூடையில் மேனேஜரை வைத்து, மேலே வலையைக் கட்டிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

"வெள்ளைக் காதுல மட்டும்தான் புண்ணு, டாக்டர். தினம் வெயில்லயே படுத்துக் கெடக்குது. வெயில்தான் காரணமா?" என்றாள் நிஷா.

டாக்டர் ரோஹிணி கண்ணாடியைக் கழற்றினார். "நான் கேக்க வேண்டியதை எல்லாம் நீயே சொல்லிட்டே."

காதிலிருந்து துளித் தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மேனேஜரின் கோவளம் பயணம் தள்ளிப்போனது.

முடிவு வந்தது. தோல் புற்றுநோய்.

"தோலோட மேலடுக்குல செல்கள் தட்டையா இருக்கும், மீன் செதிள் மாதிரி" என்றார் டாக்டர். "வருஷக்கணக்கா வெயில் பட்டா அதெல்லாம் கெட்டுப்போய், கண்டபடி வளர ஆரம்பிக்கும். தோல்ல இருக்கிற கறுப்பு நிறம் வெயிலைத் தடுக்கும். வெள்ளைக் காதுல அது இல்லை."

"மனுசனுக்கும் வருமா மேடம்?" என்றார் அப்பா.

"வரும். வெயிலால வரும். பழைய தீக்காயத் தழும்புலகூட வரலாம். ஆறாத புண்ணு இருந்தா உடனே காட்டிடணும்."

நிஷாவுக்குத் தெரியவேண்டியது வேறு. "தொத்திக்குமா டாக்டர்?"

"தொத்தாது."

"இதை எங்கம்மாகிட்ட ஃபோன்ல சொல்றீங்களா? நான் சொன்னா நம்பமாட்டாங்க."

டாக்டர் சொன்னார்.

காதின் மேல்பாதியை வெட்டி எடுத்தார்கள். நோய் வேறெங்கும் பரவவில்லை. கடைக்குத் திரும்பிய மேனேஜர் நேராகப் பின்சுவருக்கு நடந்தது. நிஷா மேசைக்கடியில், நிழலில், ஒரு மத்தித் தலையை வைத்தாள். மேனேஜர் நின்றது. யோசித்தது. திரும்பி வந்தது. அன்றுமுதல் உச்சிவேளையில் அதற்கு மேசைக்கடியில்தான் தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, உன் பூனைக்கு ஒரு காது பாதிதான் கீது?"

தையல்நாயகி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மீதிய வெயில் துன்னுடுச்சு. யாருக்கும் தொத்தாது. உனக்குச் சங்கரா எவ்ளோ போடட்டும், அண்ணா?"