பேர் வாங்கப் போனவர்

"அந்தப் பால் குண்டானைத் தொடாதம்மா! இன்னிக்கு என் புள்ளைக்குக் காப்பி நான்தான் போடுவேன்."

அடுப்பருகே போன ஜீவிதாவின் கை அப்படியே நின்றது. மாமியார் கிருஷ்ணம்மாள் குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல அத்தே... நீங்க விடியக்காலையிலேர்ந்து நின்னுக்கினே இருக்கீங்க, அதான்..."

"நிக்கட்டும். நாலு வருஷம் கழிச்சு சொந்த ஊர்ல பாட வர்றான். ரெண்டு புள்ளைங்களையும் பிரிச்ச கையால அவனுக்கு ஒண்ணும் வேணாம்."

ஜீவிதா முறத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே புடைத்து வைத்திருந்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த ஓரகத்தி தீபிகா சமையலறை வாசலில் நின்று மாமியாரையும் பின்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. கீழே இரண்டு தறி. மாடியில் ஒரே பெரிய அறை. அந்த அறையில்தான் 'நாலாம் தெரு' இசைக்குழு பிறந்தது. வீட்டின் மூத்த பிள்ளை கதிர்வேல் பாடுவான். அவன் தம்பி வசந்த் ட்ரம்ஸ். சாமுவேலும் விஷாலும் கிட்டார். காஞ்சிபுரத்துப் பேச்சிலேயே பாட்டு எழுதி, ராக் இசையில் கூச்சலாகப் பாடுகிற நாலு பையன்கள். முதலில் தெருவே சண்டைக்கு வந்தது. பிறகு அந்தத் தெருப் பையன்களே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். கல்லூரி விழா, பெங்களூர், கொச்சி என்று பேர் பரவியது.

ஜீவிதா கதிர்வேலின் மனைவியாக அந்த வீட்டுக்கு வந்தது அப்போதுதான். ஐயம்பேட்டைப் பெண். டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் திரும்பி வர மனசு வராது. பல்லவி வருவதற்கு முன் கதிர்வேல் கழுத்தை லேசாக இடது பக்கம் திருப்புவான். தம்பியைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு வசந்த் ஒரு அடி அடிப்பான். அதற்குப் பிறகுதான் குரல் எழும். அண்ணன் தம்பி பேசிக்கொள்வதே அப்படித்தான்.

அந்த அடி ஒருநாள் தவறியது. இன்னொரு நாளும் தவறியது. மற்றவர்கள் சிரித்துக் கிண்டல் செய்தார்கள். டீ தம்ளரை நீட்டி, "வசந்த்து, இந்தாப்பா" என்று இடது பக்கத்திலிருந்து கூப்பிட்ட ஜீவிதா மட்டும் சிரிக்கவில்லை. அவன் திரும்பவே இல்லை.

திருப்புட்குழி கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அவனைச் சென்னையில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். இடது காது போனது போனதுதான், இப்படியே வாசித்துக்கொண்டிருந்தால் வலது காதும் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் வசந்த் குழந்தை மாதிரி அழுதான்.

"அண்ணி... அண்ணனுக்குத் தெரிஞ்சா பாட்டையே உட்டுடும் அண்ணி! நான் இல்லாம மேடை ஏறாது. உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். சென்னையில் ஒரு பெரிய கம்பெனி கதிர்வேலை மட்டும் தனியாகப் பாட வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. "தம்பி இல்லாம எனக்கு ஒரு மேடையும் வேணாம்" என்று அவன் போனை வைத்ததை அவள் பக்கத்தில் நின்று கேட்டிருந்தாள்.

பஸ் காஞ்சிபுரம் வந்து சேர்வதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். வசந்தின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள்.

"உங்க அண்ணன்கிட்டயும் அம்மாகிட்டயும் இதை உன் வாயால சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் எல்லாரும் கூடியிருந்தபோது, தன் வாழ்நாளில் பேசாத பேச்சைப் பேசினாள்.

"நாலு பேரு பங்கு போட்டுக்கற பேரு எனக்கு எதுக்குங்க? ஊர்ல தனித்தனியா போனவங்கல்லாம் எங்கியோ போயிட்டாங்க. நீங்களும் தனியா போய்ப் பேர் வாங்கினு வாங்க. இல்லன்னா நான் ஐயம்பேட்டைக்கே போயிடறேன்!"

கதிர்வேல் அவளைப் பார்த்த பார்வை... அவன் தம்பியின் பக்கம் திரும்பினான். வசந்த் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி சொல்றதும் சரிதாண்ணா. எனக்கும் காந்தி ரோட்டுக் கடையில வேலைக்குக் கூப்பிடறாங்க" என்றான். அண்ணியின் பேச்சைத் தாங்காமல் தம்பி மனசு உடைந்துபோய்ப் பேசுகிறான் என்றே வீடு முழுதும் நினைத்தது. சாமுவேல் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராகப் போனான். விஷால் பெங்களூருக்குப் போனான். மாடி அறை பூட்டிக்கொண்டது.

பெட்டியோடு கிளம்பும்போது கதிர்வேல் வாசலில் நின்று சொன்னான்.

"பேர் வாங்கினு வரச் சொன்ன இல்ல? வாங்கினதும் உன்னைக் கூப்பிடறேன்."

அவன் வாங்கினான். ஒரே ஒரு பாட்டு, 'எங்க போய்க்கினு கீறே'. அது ஷேர் ஆட்டோவில் பாடியது, டீக்கடையில் பாடியது, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில் பாடியது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு நாள் வந்து, அம்மாவிடம் பேசிவிட்டுப் போனான். கூப்பிடத்தான் இல்லை.

ஜீவிதா சமையலறையில் செல்போனை டப்பாவில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு அவன் பாடுவதைப் பார்ப்பாள். பல்லவிக்கு முன் அவன் கழுத்து இன்னும் இடது பக்கம் திரும்பியது. அங்கே யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். பிறகு மறுபடியும் நிமிர்த்துவாள். 'இந்த ஆடிக்குக் கூப்பிடுவார்... இந்தப் புரட்டாசிக்கு...' என்று மாசங்களைத் தள்ளினாள்.

"எல்லாத்தையும் சொல்லிடறேன் அண்ணி" என்று வசந்த் பலமுறை கெஞ்சினான். "இப்பத்தான் மேல வந்துக்கினு இருக்காரு. நீ சொன்னா எல்லாத்தையும் உட்டுட்டுத் திரும்பி வந்துடுவாரு. என் தலைமேல பண்ண சத்தியம்!" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

இன்றைக்குக் கதிர்வேல் வந்துவிட்டான். கச்சேரிக் குழுவின் வேன் தெருமுனையில் நின்றது. கதிர்வேல் அம்மாவின் காலைத் தொட்டு, காப்பி குடித்து, எல்லாரோடும் சாப்பிட உட்கார்ந்தான். முடி நீளமாக வளர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. 'சரியா தூங்கறதில்ல' என்று ஜீவிதா மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தூணோரம் நின்றாள்.

"டேய் வசந்தா" என்றான் கதிர்வேல், சோற்றைப் பிசைந்துகொண்டே. "சாயங்காலம் ஒரே ஒரு பாட்டு. நம்ம பழைய பாட்டு. வந்து ட்ரம்ஸ்ல உக்காருடா."

வசந்தின் கை இலையிலேயே நின்றது. "இல்லண்ணா... கை மறந்துபோச்சு."

"பொறந்ததுலேர்ந்து தட்டினு இருந்தவனுக்கா கை மறக்கும்? ஒரே ஒரு பாட்டுடா! நான் கெஞ்சறேன்..."

"வேணாண்ணா. என்னை உட்டுடு."

கிருஷ்ணம்மாள் கரண்டியை ணங்கென்று கீழே வைத்தாள்.

"அவனுக்கு ஏம்பா மறக்குது? மறக்க வெச்சவ அதோ தூணைப் புடிச்சிக்கினு நிக்கிறா பாரு! வந்த புதுசுலேயே அண்ணன் தம்பிக்கு நடுவுல சுவர் எழுப்பினா. வீட்ல ஒரு குழந்தைச் சத்தமாவது கேட்டுதா? எப்படிக் கேக்கும்!"

ஜீவிதாவின் கண்ணில் நீர் முட்டியது. கணவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் சொன்னான்.

"நீ கேட்ட பேர் வாங்கியாச்சு. இப்ப சந்தோஷந்தானே உனக்கு?"

வசந்த் எழுந்திருக்கப் போனான். வாயைத் திறந்தான். ஜீவிதா வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் அப்படியே உட்கார்ந்து விசும்பினான்.

அப்போதுதான் தீபிகா முன்னால் வந்தாள்.

"அத்தே, நான் பேசறேன்."

"தீபிகா! நீ உள்ளே போ..." ஜீவிதா பதறினாள்.

"போகமாட்டேன் அக்கா. சத்தியம் பண்ணது அவரு. நான் பண்ணல!" அவள் கதிர்வேல் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க தம்பிக்கு இடது காது கேக்காது. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாரு. அதுக்கு மேல சொன்னதில்ல. இன்னிக்குக் காலையில அத்தே அக்காவைப் பேசினதைக் கேட்டுட்டு, அது ஏன்னு விடாம கேட்டேன். அழுதுக்கினே எல்லாத்தையும் சொன்னாரு. தொடர்ந்து வாசிச்சா இன்னொரு காதும் போயிடும்னு டாக்டர் சொன்னாராம். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க பாட்டையே உட்டுடுவீங்கன்னு, அக்கா பழியைத் தன்மேல போட்டுக்கினாங்க. பேராசைக்காரின்னு பேர் வாங்கினது அவங்கதான் மாமா!"

கதிர்வேல் எழுந்தான். சாப்பிட்ட கையோடு தம்பியின் இடது பக்கம் போய் நின்றான். குனிந்து, காதருகே மெல்லக் கூப்பிட்டான்.

"வசந்தா..."

வசந்த் இலையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

"டேய்... வசந்தா..."

திரும்பவில்லை. கதிர்வேல் அங்கேயே தரையில் உட்கார்ந்து தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் ஓங்கி எழும் அந்தக் குரல் உடைந்து அழுததை அந்த வீடு அன்றுதான் கேட்டது.

கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "காது கேளாத புள்ளையை 'பராக்குப் பாக்கறான், பராக்குப் பாக்கறான்'னு திட்டினேனே! ஏம்மா ஜீவிதா... என் வாயிலேர்ந்து வந்ததெல்லாம் கேட்டுக்கினு எனக்கே சோறு போட்டியேம்மா! ஒரு நாளாவது திருப்பிக் கேட்டிருக்கக்கூடாதா?"

கதிர்வேல் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"ரெண்டு பேருமா சேர்ந்து எனக்காக முடிவு பண்ணீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"உட்டிருப்பேன்! அந்தப் பாட்டே வேணாம்னு உட்டிருப்பேன்!"

"அதான் கேக்கல" என்றாள் ஜீவிதா.

அவன் எழுந்து அவள் அருகே வந்தான். பிறகு வேகமாக, "கிளம்பு. கச்சேரி முடிஞ்சதும் என்கூட வா. இனிமே ஒரு நாள்கூட நீ இங்க..." என்றான்.

"நான் வரலைங்க."

"ஜீவிதா!"

"உண்மை தெரிஞ்சிடுச்சு, அதனால கூப்பிடறீங்க." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பேராசைக்காரியாவே இருந்தாலும் உங்க பொண்டாட்டிதானே? 'என்ன பண்றே, சாப்பிட்டியா'ன்னு ஒரு போன்... அது வரும் வரும்னுதான் உக்காந்திருந்தேன். இப்பக் கூப்பிட்டா அது தியாகத்துக்குக் குடுக்கற கூலி. எனக்குக் கூலி வேணாம்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு மெல்ல நடந்து வேனுக்குப் போனான்.

சாயங்காலம் கிருஷ்ணம்மாளே மருமகளின் கையைப் பிடித்துக் கச்சேரி மைதானத்துக்கு அழைத்துப் போனாள். ஜீவிதா கூட்டத்துக்கு வெளியே, ஓரமாக நின்றாள். பழைய பாட்டு வந்தது. கதிர்வேலின் கழுத்து இடது பக்கம் திரும்பியது. திரும்பிய இடத்தில் கொஞ்சம் நின்றது. ட்ரம்ஸ்காரனும் காத்திருந்தான், கூட்டமும் காத்திருந்தது. அப்புறம் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான். ஜீவிதா அழுதுகொண்டே, உதட்டை அசைத்து முழுப் பாட்டையும் கூடப் பாடினாள்.

மறுநாள் அவன் போயிருப்பான் என்று நினைத்துக் கண்விழித்தவள், கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். கதிர்வேல்! வேனைத் திருப்பி அனுப்பிவிட்டானாம்.

"நீங்க போகலையா?"

"நீ எப்ப வர்றியோ அப்ப போலாம். வராட்டியும் பரவாயில்ல. நான் இங்கியே இருக்கேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. மாடி அறையைத் திறந்து பெருக்கி அங்கேயே படுத்துக்கொண்டான். தம்பியோடு கடைக்குப் போனான். சென்னையிலிருந்து வந்த போன்களுக்கு, "வேலை இருக்குதுப்பா" என்று மட்டும் சொன்னான். சாப்பிடும்போது அவள் சாப்பிட்டாளா என்று கேட்டான். முதலில் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. நாளாக ஆக, ஒருவரைக் காத்திருக்க வைப்பதும் அத்தனை சுகமான காரியமில்லை என்று தெரிந்தது. மாடிப்படியில் அவன் காலடி கேட்கிறபோதெல்லாம் அவள் கைவேலை நின்றுபோயிற்று. பக்கத்திலேயே இருக்கிறவனுக்காக ஏங்குவது தூரத்து ஏக்கத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளித்து, பூ வைத்துக்கொண்டு, சின்னப் பையோடு அவள் கூடத்துக்கு வந்தாள். கிருஷ்ணம்மாள் புரிந்துகொண்டாள். மருமகளை இழுத்து அணைத்து, அவள் தோளெல்லாம் நனைய அழுதாள்.

"போய் நல்லா இரும்மா. என்னை மன்னிச்சிட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"அத்தே... பெத்தவங்ககிட்ட யாராவது அப்படிச் சொல்வாங்களா?" என்று ஜீவிதாவும் அழுதாள். தீபிகாவையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வசந்தின் வலது பக்கம் போய், "உடம்பைப் பாத்துக்கப்பா" என்றாள்.

கதிர்வேல் சட்டையை மாட்டிக்கொண்டு அவசரமாக மாடியிலிருந்து இறங்கி வந்தான். பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஜீவிதா... நீ..."

அவள் பையை அவன் கையில் கொடுத்தாள்.

"நடங்க. பஸ்ஸு போயிடப் போவுது."