பவர்கட் நேரத்து ஆட்டக்காரன்

மணி ஆறு ஐம்பத்தெட்டு. சத்தியதாஸ் மேஜைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து ஒரு வயர், மானிட்டரின் முதுகிலிருந்து ஒரு வயர். இரண்டையும் உருவிச் சுருட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். ஜன்னல் கொண்டியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகவும், சொல்லிவைத்தாற்போல் நேமம் ஊர் முழுவதும் இருளவும் சரியாக இருந்தது.

ஏழு முதல் ஏழரை வரை பவர்கட். அணையில் தண்ணீர் இல்லாத அந்த வருஷம் தினமும் இதே அரை மணி.

ஹாலில் மனைவி பிரிஸில்லா மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சட்டைக்குள்ள என்னது, பாம்பா?"

"வயரு."

"கம்ப்யூட்டர் வயரா? கள்ளன் வந்தா பெட்டியத் தூக்கிட்டுப் போவான். வயர எடுத்து என்ன செய்யப் போறான்?"

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கள்ளனைப் பற்றி ஏன் இவ்வளவு இயல்பாகப் பேசுகிறாள்?

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு போர் விளையாட்டு இருந்தது, பழவங்காடியில் ஒரு கடையில் வாங்கிய சிடி. ஆறு சிப்பாய்கள். பெயர் நாம் வைக்கலாம். சதுரங்கம் மாதிரி நம் முறைக்கு நாம் நகர்த்த வேண்டும், எதிரியின் முறைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். செத்தவன் செத்தவன்தான், அடுத்த களத்துக்கு வரமாட்டான். ஒரு சிப்பாய்க்குத் தன் பெயரை வைத்தான் சத்தியதாஸ். இன்னொருவனுக்கு ஷிபின் என்று வைத்தான்.

ஷிபின், பிரிஸில்லாவின் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டுக் கிணற்றில் தூர் வார இறங்கி, ஏறி வராதவன். கயிறு அறுந்துவிட்டது என்று ஊர் சொன்னது. ஊருக்குச் சொன்னவன் சத்தியதாஸ்.

நாலாவது களத்தில் ஒரு தொங்குபாலம். ஷிபின் வழுக்கி விழுந்து, சத்தியதாஸின் இடுப்புக் கயிற்றில் தொங்குவான். திரையில் இரண்டு கட்டங்கள் வரும். இழு. வெட்டு. வெட்டினால் ஒருவன் நிச்சயம் பிழைப்பான். இழுத்தால் பெரும்பாலும் இரண்டு பேரும் போவார்கள். அவன் இழுத்தான். இருவரும் போனார்கள். சேமித்துவைத்த பழைய ஆட்டத்தை, அந்த ஸேவைத் திறந்து மறுபடி இழுத்தான். முப்பத்தேழாவது தடவை இருவரும் மேலே வந்தபோது கீபோர்டில் தலையை வைத்து அழுதான். அதற்குப் பிறகு ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் ஒரு முறை அந்தப் பாலத்துக்குப் போகாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம்தான் கவனித்தான். பட்டியலில் அவன் போடாத ஒரு ஸேவ். நேரம் ஏழு பதினாலு. திறந்தான். பாலத்தின் மேலே ஷிபின் நின்றான். கயிற்றில் தொங்கியது சத்தியதாஸ்.

அழித்தான். மறுநாள் இன்னொன்று. ஏழு பதினாலு. அழித்தான். மறுநாளும் அதே. ஏழு பதினாலுக்கு நேமத்தில் ஒரு குண்டு பல்பு எரியாது. இன்வெர்ட்டர் இருப்பது பக்கத்து வீட்டுத் தாணுமாலையனிடம் மட்டும். பிரிஸில்லா டிடிபி சென்டரில் வேலை பார்க்கிறவள், கம்ப்யூட்டர் அவளுக்குக் கைப்பழக்கம். தாணுவிடமிருந்து வயர் இழுத்துக்கொண்டாளா? அன்றைக்குக் கிணற்றடிக்கு முதலில் ஓடி வந்த தாணு அவளிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாரா? கொஞ்ச நாளாக அவள் சாப்பாடு போடும்போது அவன் கையையே பார்க்கிறாளே, ஏன்?

இன்று தெரிந்துவிடும். அரை மணி நேரம் அவள் கண்ணெதிரில் இருப்பாள்.

அவள் பைபிளைப் பிரித்து முணுமுணுப்பாக வாசித்தாள். மெழுகு உருகும் வாசனை. வெளியே தாணுமாலையனின் இன்வெர்ட்டர் தேனீக் கூடுபோல ரீங்கரித்தது. மதில்மேல் ஒரு பூனை நடந்தது, தென்னை ஓலை ஒன்று கூரை ஓடுகளை உரசியது, சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பத்து நிமிஷத்தைத் தாண்டி, பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டி நகர்ந்தது.

ஏழு பதினாலு.

டிக்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து.

டிக். டிக்.

"எலியாயிருக்கும்," என்றாள் பிரிஸில்லா, தலை நிமிராமல்.

மவுஸைச் சொடுக்கும் ஓசை அவனுக்குத் தெரியாதா? சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தான். இரண்டு வயரும் இருந்தன.

அப்புறம் வேறொரு சத்தம். கொல்லைப் பக்கம். இரும்பு இரும்பை அறுக்கும் நீண்ட கிறீச். நின்றது. மறுபடி ஒரு முழம். நின்றது.

பிரிஸில்லா வாசிப்பதை நிறுத்தினாள்.

"கிணத்துக் கப்பிய நாம கழத்தி ஆக்கிரிக் கடையில பழைய இரும்புக்குப் போட்டோமே?"

"ஆமா."

"கிணத்து மேல கான்கிரீட் சிலாப் போட்டு மூடியாச்சே?"

"ஆமா."

"பின்ன என்னது அது?"

அவள் மெழுகுவர்த்தியை எடுத்தாள். "ரூம் கதவத் தொறங்க."

"வேண்டாம், பிரிஸி."

"தொறங்கன்னுல்லா சொல்லுதேன்."

திறந்தான். சேற்று வாடை மூஞ்சியில் அடித்தது. பாசியும், மூடிய காற்றும். மேஜைமேல் மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது.

வயர் அவன் சட்டைக்குள் இருந்தது.

பிரிஸில்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸில் கை வைத்துச் சட்டென்று எடுத்து, விரல்களைப் பார்த்தாள்.

"இது ஏன் நனைஞ்சிருக்கு?"

திரையில் பாலம். டிடிபி சென்டரில் பிழை பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தாள்.

"மேல நிக்கது ஷிபின். தொங்குறது நீங்க. இந்தப் பக்கமிருந்து ஒருத்தன் ஓடி வாறான்..." குனிந்து பார்த்தாள். "தாணு."

அவன் யாருக்கும் தாணு என்று பெயர் வைத்ததில்லை.

"நீங்களா வச்சிய இந்தப் பேர?"

அப்போது இடுப்பில் ஏதோ இறுகியது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. தடவினான். ஈரம். கயிற்றுச் சிம்பு. பின்னாலிருந்து இழுத்தது. கொல்லைப் பக்கமிருந்து.

கிறீச்.

பாதம் ஒரு சாண் பின்னால் வழுக்கியது.

"பிரிஸி..."

அவள் திரும்பவில்லை. திரையின் நீல வெளிச்சம் அவள் கன்னத்தில் இருந்தது.

"கயிறு பொட்டி அறுந்தப்புறம்தான் தாணு அண்ணன் வந்தாருன்னு சொன்னிய. இதுல கயிறு பொட்டல்ல. தாணு அண்ணன் வந்துட்டாரு."

கிறீச்.

வாசல்படி குதிகாலில் இடித்தது. நிலையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கும் இப்படித்தான், இடுப்பில் கயிறு, கிணற்றுச் சுவரோரம், பாசியில் வழுக்கி. கீழேயிருந்து அந்தக் குரல்: அத்தான், விட்டுராதிய.

திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. இழு. வெட்டு.

பிரிஸில்லா நனைந்த மவுஸின்மேல் மறுபடி கை வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தாணு அண்ணன் வாசல் கேட்டுக்குள்ள ஓடி வந்தத நீங்க கண்டியளா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. கயிறு இன்னொரு முழம் இழுத்தது. நிலையிலிருந்து ஒரு கை விட்டுப்போனது.

"கண்டேன்," என்றான். "பத்தடியில வந்துட்டாரு. ஒரு நிமிசம் பிடிச்சிருந்தா போதும். எனக்குப் பயமாயிருந்து, பிரிஸி. அவரக் கண்டப்புறந்தான் கத்திய எடுத்துக் கயித்த அறுத்தேன்."

திரையில் அம்புக்குறி மெதுவாக நகரத் தொடங்கியது.