ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா

சஜீவனிக்கு வயது பத்து. அவளுடைய சித்தி நிலக்ஷனா, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. வகுப்பில் மகா கண்டிப்பு. வீட்டுக்கு வந்துவிட்டால் அவித்த மரவள்ளிக்கிழங்கில் பெரிய துண்டு யாருக்கு என்று சஜீவனியோடு சண்டை போடுவார்.

சித்தி நோர்வே நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். ஆசிரியர்களுக்கான புலமைப்பரிசில் அது. பிள்ளைகளுக்குக் கணிதத்தை இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று பத்து மாதம் அங்கே படிக்கலாம். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சித்தி போனைத் திறந்தார். அங்கிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. படித்தவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

என்னவென்று சஜீவனி கேட்டாள். சித்தி தமிழில் சொல்லிக் காட்டினார்.

“உங்கள் முகவரி முழுமையாக இல்லை. ஐந்தாம் வரி என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் படிவத்தில் முகவரிக்கு நான்கு வரிகள்தான் உள்ளன. மூன்றாம் அறை என்றும் இருக்கிறது. நீங்கள் ஹோட்டலில் தங்கியிருந்தால் உங்கள் நிரந்தர முகவரியைத் தெரிவியுங்கள். நாளை மாலைக்குள் கிடைக்காவிட்டால் விண்ணப்பத்தை ஏற்க முடியாது.”

சித்தி எழுதியதில் தவறே இல்லை. அவர்கள் இருப்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஐந்தாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா. அதை ஆங்கிலத்தில் ‘லைன் 5, ரூம் 3’ என்று எழுதியிருந்தார். கிராம உத்தியோகத்தர் கொடுத்த சான்றிதழிலும் அப்படித்தான் இருந்தது. பதுளையில் யாரிடம் காட்டினாலும் புரிந்துவிடும். நோர்வேக்காரர்கள் லயத்தை எங்கே கண்டார்கள்?

“கொப்பியில இருக்கிற லைன்னு நெனச்சிட்டாங்க சித்தி,” என்று சஜீவனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சித்தி சிரிக்கவில்லை.

விண்ணப்பம் நின்றுபோனால் சித்தி எங்கேயும் போக மாட்டார். அந்த நினைப்பு வந்ததும் சஜீவனிக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடமாக விடியற்காலையில் எழுந்து இங்கிலீஷ் படித்தவர் அவர். தான் சந்தோஷப்பட்டதை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சித்தி பதில் எழுத உட்கார்ந்தார். லயம் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கி, தேயிலை எப்போது வந்தது, யார் நட்டார்கள் என்று வெள்ளைக்காரன் காலத்துக்கே போய்விட்டார். இரண்டு பக்கம் முடிந்தும் மூன்றாம் காம்பராவுக்கு வந்து சேரவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று சஜீவனி சொன்னாள். இருவரும் போனோடு வெளியே ஓடினார்கள். ஆனால் நமுனுகுல மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி வந்திருந்தது. எப்படி எடுத்தாலும் இரண்டு கதவும் கொஞ்சம் வெள்ளைப் புகையும்தான் விழுந்தன.

“அப்ப நான் வரையிறேன் சித்தி. படத்தைப் பார்த்தா சின்னப் பிள்ளைக்கும் வெளங்கும்ல?”

சித்தி எழுந்துபோய், பள்ளிக்கூடத்துக்கென்று வைத்திருந்த பெரிய வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து விரித்தார்.

சஜீவனி பதுளை டவுனிலிருந்து தொடங்கினாள். வளைந்து வளைந்து ஏறும் ரோடு, தோட்டத்து ஆபீஸ், மாதா கோயில். அதற்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று நீள நீளமாக ஐந்து லயங்கள். ஐந்தாவது லயத்தில் பத்துக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நம்பர், அங்கே குடியிருப்பவர்களின் பெயர்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்த நாலாம் காம்பரா இருதயம்மா பெரியம்மா எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும், வெளிநாட்டுக்குப் போகும் படத்தில் தன்னுடைய ஆடும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். சஜீவனி ஆட்டையும் வரைந்தாள். அது கொஞ்சம் பெரிதாகி ஐந்தாம் காம்பராவின் ஜன்னலை மறைத்துவிட்டது.

மூன்றாம் கதவை மட்டும் சிவப்புப் பேனாவால் வரைந்தாள். அதற்கு மேலே ‘நிலக்ஷனா’ என்று எழுதும்போது அவளுடைய கை கொஞ்சம் நின்றது. ஆனாலும் எழுத்துகளை வடிவாகவே எழுதினாள்.

படத்தின் கீழே சித்தி ஆங்கிலத்தில் இரண்டே வசனம் எழுதினார். ‘எங்கள் ஊரில் லைன் என்றால் வரிசையாகக் கட்டிய வீடுகள். சிவப்புக் கதவு எங்கள் வீடு.’ அதைப் போட்டோ எடுத்து, வெளிச்சம் போவதற்குள் அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முடிகிற நேரத்தில் பதில் வந்தது. தவறாகப் புரிந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். முகவரி இப்போது தெளிவாக இருக்கிறதாம். ஆடு அலுவலகத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த புதன்கிழமை போனிலேயே நேர்முகத் தேர்வு.

சித்தி சஜீவனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நான் போனா அழுவியா, சஜீ?”

“அழுவேன்,” என்றாள் சஜீவனி. “ஆனா நீங்க போகணும்.”

சித்திக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டையும் சமாளித்துக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு இப்போதே பயிற்சி எடுக்க வேண்டும், நீதான் அதிகாரி என்றார்.

சஜீவனி வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். சித்தி எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“முதல் கேள்வி,” என்றார் அதிகாரி. “நீங்க எப்ப திரும்பி வருவீங்க?”

“பத்தே மாசத்துல, மேடம்.”

அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “பாஸ்,” என்றார்.